பின்சக்கரமும் தோசைத் திருப்பியும்

இருசக்கர வண்டியில் மீன் விற்பவனுக்கு மீனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும், பின்சக்கரத்தைப் பற்றி எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் நேராக அங்கேதான் இறங்கும். மெக்கானிக் இருப்பது பொன்னேரியில். போய்வருவதற்குள் மீன் நாறிவிடும். அதனால் பழவேற்காட்டில், டச்சுக் கல்லறைக்கு எதிர்த் தெருவில், என் வீட்டு வாசல்தான் எனக்கு ஒர்க்‌ஷாப். சொந்தக் கையால் சக்கரம் கழற்றி மாட்டிய புண்ணியவான்களே, உங்களுக்குப் புரியும். என் மனைவி வள்ளிக்குத்தான் புரியவில்லை. எனக்கோ இந்த வண்டியென்றால் உயிர். ஒருநாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தபா நடுரோட்டுல நின்னுச்சு, இத்த எடைக்குப் போட்டுருவேன்."

தொங்கிய வண்டி

சென்டர் ஸ்டாண்டை உப்பு தின்றுவிட்டது. பின்பக்கத்தைத் தூக்காமல் சக்கரம் கழலாது. படகுக் கயிற்றைப் பூவரசங்கிளையில் போட்டு, வண்டியின் பின்பக்கத்தைக் கட்டித் தூக்கினேன். அருமையாகத் தொங்கியது. கல்லறை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் அதை விட்டுவிட்டு என்னைப் படம் பிடித்தார்கள். வலை கோத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மச்சான் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா மச்சான், சுறாவா? கூறு போட்டா வாலு எனக்கு!"

வளைந்த திருப்பி

டயரை நெம்புவதற்கு வள்ளியின் தோசைத் திருப்பி அம்சமாக இருந்தது. டயர் வந்தது, திருப்பி வளைந்தது. கல்லில் வைத்துத் தட்டி, துடைத்து, ஒன்றும் நடக்காததுபோல் அடுப்படியில் மாட்டிவிட்டேன். மறுநாள் காலை என் தட்டில் விழுந்த தோசை மடிந்து, கிழிந்து, ஓரம் கருகியிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்காமலே சொன்னாள்:

"கிரீஸ் வாசன வருதா? நல்லா தொட்டுக்கினு துண்ணு."

ஓடாத எறா

வள்ளியின் அக்கா மகளுக்குச் சுண்ணாம்புக்குளத்தில் மறுவீட்டு விருந்து. நண்டு எங்கள் பொறுப்பு என்று பிறந்த வீட்டாரிடம் வள்ளி வாக்குக் கொடுத்திருந்தாள். ஈரச் சாக்கில் உயிர் நண்டு, அதைப் பிடித்தபடி பின்னால் அவள். ஏரிக்கரையோரம் பின்சக்கரம் பஞ்சர். நடுரோட்டில் நின்றாயிற்று.

வள்ளி பையிலிருந்து அந்த வளைந்த திருப்பியை எடுத்து நீட்டினாள். என் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அப்போதுதான் தெரிந்தது. கல்லை முட்டுக்கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, பஞ்சரை ஒட்டிவிட்டேன். மாட்டும்போது புஷ், அதாவது சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் இரும்பு வளையம், கை நழுவி உருண்டு ஏரிக்குள் போய்விட்டது. அது இல்லாமல் சக்கரம் நிற்காது. முழங்கால் சேற்றில் துழாவினேன்; கிளிஞ்சல்தான் கிடைத்தது. வண்டியும் போச்சு, வள்ளியின் மானமும் போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

பக்கத்தில் கையாலேயே இறால் பிடித்துக்கொண்டிருந்த செல்லம்மாக்கா, இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி தவழ்ந்து வந்தார். தண்ணீருக்குள் கை போனது. ஓர் இறால், பறிக்குள். இன்னோர் இறால், பறிக்குள். மூன்றாவது என் புஷ்! பழக்கத்தில் அதையும் பறிக்குள் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"துள்ளுற எறாவே எங்கிட்ட தப்பாது, இது சும்மா கெடக்குது. இதுக்குப் போயி அழுவுறியே நைனா!"

எண்ணெய் காயும் நேரத்தில் நண்டு போய்ச் சேர்ந்தது, உயிரோடு. "வழியில நின்னுட்டீங்களாமே?" என்றார் வள்ளியின் அக்கா. சேறும் கிரீஸுமாக நின்ற என்னை முந்திக்கொண்டு வள்ளி சொன்னாள்:

"நின்னா இன்னாக்கா? எங்க வண்டி வந்துரும்."

இப்போதெல்லாம் நான் சக்கரம் கழற்றினால், புஷ்ஷை ஓலைப் பறியில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள் வள்ளி. இனி எடைக்குப் போவதென்றால் வண்டி போகாது, நான்தான் போக வேண்டும்.