நாலாவது பெட்டுக்கும் அஞ்சாவது பெட்டுக்கும் நடந்த குத்துச்சண்டை

டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலையில் ஊசி குத்தப் பழக ஆறு மாதம் போதும். குத்தி முடித்த பிறகு கிடக்கிற நாலு மணி நேரத்தை எப்படி ஓட்டுவது என்று எந்தப் படிப்பிலும் சொல்லித் தருவதில்லை. என்னைப் போல மெஷின் சத்தத்துக்கு நடுவில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது தெரியும். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். மடத்துக்குளத்திலிருந்து வந்து திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஆறு பெட், ஆறு மெஷின், சுவரில் உயரத்தில் ஒரு டிவி. நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எல்லோருக்கும் நான் ‘சிஸ்டர்’தான்.

செத்துப்போன ரிமோட்

ஒருநாள் மெஷின் கழுவுகிற மருந்து ரிமோட் மேல் கொட்டிவிட்டது. கொட்டியது நான்தான். அந்த நேரம் பார்த்து டிவியில் ஓடிக்கொண்டிருந்தது விளையாட்டு சேனல். அதோடு சரி, வேறெங்கும் நகரவில்லை. புது ரிமோட் கேட்டு எழுதிக் கொடுத்தேன். நீங்களும் இப்படி எழுதிக் கொடுத்திருப்பீர்கள், என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த சேனலில் மத்தியானம் ஆனால் பழைய பாக்ஸிங் போடுவார்கள். மலை மாதிரி இரண்டு பேர் ஒருவரை ஒருவர் முகத்திலேயே குத்திக்கொள்வார்கள். இரண்டாவது பெட் சரஸ்வதி அம்மாவுக்கு சீரியல் இல்லாமல் மெஷினே ஓடாது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தவர் கடைசியில் சொன்னார்: “சீரியல்ல அடிபட்டா அழுகவாச்சும் செய்வாங்க சிஸ்டர். இவனுக அழுகக்கூட மாட்டீங்கறானுகளே!”

டான்ஸ்காரரும் இடியும்

நாலாவது பெட் நாச்சிமுத்து அய்யா. மங்கலத்தில் பத்துப் பதினைந்து தறி வைத்திருந்தார். வயசு அறுபத்தைந்துக்கு மேல். வாலிபத்தில் பட்டாளத்தில் இருந்தவர், அங்கே கையில் கிளவுஸ் மாட்டிக் கொஞ்சம் குத்தியுமிருக்கிறார். அஞ்சாவது பெட் விக்டர். அனுப்பர்பாளையத்தில் பாத்திரத்துக்கு பாலிஷ் போடுகிறவர், நாற்பது வயசு. இரண்டு பேருக்கும் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் வரும் ஒரு பழைய சாம்பியன்தான் அய்யாவின் ஆள். கால் தரையில் நிற்காது, சுற்றிச் சுற்றி வருவார். விக்டரின் ஆள் பின்னால் வந்தவர். கழுத்தே இல்லாத உடம்பு, மணி அடித்ததும் பாய்ந்து முதல் ரவுண்டிலேயே எதிராளியைப் படுக்கவைத்துவிடுவார். அந்த வெளிநாட்டுப் பேர் எதுவும் சரஸ்வதி அம்மா வாயில் நுழையாததால் ஒருவருக்கு ‘டான்ஸ்காரர்’, மற்றவருக்கு ‘இடி’ என்று வார்டில் பேர் வைத்தோம். இருவரும் ஒரே காலத்தில் இருந்தவர்கள் இல்லை, மோதவே முடியாது. முடியாது என்பதால்தானே வாரம் எட்டு மணி நேரம் பேச முடிந்தது!

“கிட்ட வந்தாத்தானே தம்பி குத்துவான்? எங்காளு வுடமாட்டான். எடது கையில டப்பு டப்புன்னு வெச்சுக்கிட்டே போவான்” என்று அய்யா குத்திக் காட்டப் போனார். ஓடிப் போய்ப் பிடித்தேன். இடது கையில்தான் இரண்டு ஊசியும் இருந்தன. விக்டருக்கும் அதே கைதான். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்: “நம்மளாட்டம் ஒத்தக் கைய வெச்சுட்டுச் சண்டை போடச் சொல்லுங்க பார்க்கலாம், அப்பத் தெரியுமுங்க ரெண்டு பேரு லட்சணமும்.”

ரவுண்டு கணக்கு

கிட்னி வேலை செய்யாதவர்களுக்குக் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். அதனால் வந்ததும் எடை பார்ப்போம். போன தடவை போனபோது இருந்ததைவிட இரண்டு கிலோ கூடியிருந்தால் பரவாயில்லை. விக்டர் நாலு, அஞ்சு என்று வருவார். நாள் முழுக்க பாலிஷ் சக்கரத்துக்கு முன்னால் சூட்டில் நிற்கிறவர், தாகம் தாங்காது. ஒரு செவ்வாய்க்கிழமை மூச்சுவிட முடியாமல் அவரை ஆட்டோவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“பாக்ஸிங்லயும் சண்டைக்கு முன்னால தராசுல ஏத்துவாங்க கண்ணு” என்றார் அய்யா. எனக்கு அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. ஒவ்வொரு டயாலிசிஸும் ஒரு ரவுண்டு. யாருக்கு எடை குறைவாகக் கூடியிருக்கிறதோ அவர் ஆளுக்கு அந்த ரவுண்டு. மொத்தம் பன்னிரண்டு ரவுண்டு. சார்ட்டின் பின்பக்கம் கோடு போட்டு நானே எழுதி வைத்தேன். மூன்றாவது வாரம் விக்டரின் மனைவி ஸ்டெல்லா என்னைத் தேடி வந்தார்: “ஊட்டுல சொம்பையே தொடறதில்லீங்க சிஸ்டர். அந்த இடி யாருன்னு சொல்லுங்க, ஒரு கும்பிடு போட்டுக்கறேன்.”

மோர்

ஒன்பது ரவுண்டு முடிந்தபோது அய்யா ஆறு, விக்டர் மூன்று. விக்டருக்குத் தன் கிட்னி ஒன்றைக் கொடுக்க ஸ்டெல்லா டெஸ்ட் எடுத்திருந்தார், அந்த வாரம்தான் பொருந்தாது என்று ரிசல்ட் வந்தது. விக்டருக்குக் கிட்னி கொடுக்க வேறு ஆள் இல்லை. விக்டர் அன்று டிவியைப் பார்க்கவில்லை. ஊசியை எடுக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார், “இனி வர வேண்டாம்னு பார்க்கறேனுங்க. எத்தனை நாளைக்கு இப்படி?” அடுத்த பெட்டில் அய்யா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

எப்படியோ ஸ்டெல்லா அவரைச் செவ்வாய்க்கிழமை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று அய்யாவுக்கு மூன்றரைக் கிலோ கூடியிருந்தது. என்றைக்கும் இரண்டைத் தாண்டாத மனுஷர். பத்தாவது ரவுண்டு விக்டருக்கு. வெள்ளிக்கிழமை அய்யாவுக்கு நாலு கிலோ. பேசும்போது வாயால் மூச்சு வாங்கினார். “இடி எந்திரிச்சுட்டாருங்கோ!” என்று விக்டர் கத்த, வார்டே சிரித்தது. ஆறுக்கு அஞ்சு. எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் விக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

அய்யாவின் கையில் பிளாஸ்டர் ஒட்டும்போது எடை எப்படி இவ்வளவு ஏறியது என்று கேட்டேன். மோர் குடித்தாராம், சொம்பு சொம்பாக. இந்த விளையாட்டே வேண்டாம், பேப்பரைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார், கிழிக்காதே என்று கெஞ்சினார். நான் கிழிக்கவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. அவர் குரலை இறக்கிச் சொன்னது இது: “பன்னெண்டாவதும் தோத்துட்டா ஆறுக்கு ஆறு, டிரா ஆயிரும் கண்ணு. டிரா ஆயிட்டா மறுக்கா ஒண்ணு வெச்சுத்தானே ஆகோணும்? தம்பி வந்துதானே ஆகோணும்?”

பன்னிரண்டாவது ரவுண்டு

செவ்வாய்க்கிழமை விக்டர் முதல் ஆளாக வந்து தராசில் ஏறினார். ஒன்றரைக் கிலோ. “பெரியவர் வரட்டுமுங்க” என்று படுக்காமல் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு அய்யாவின் மகன் போன் செய்தார். முந்தின நாள் மத்தியானம் மூச்சுத் திணறியிருக்கிறது, காரில் ஏற்றி வரும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஹார்ட் வீக்காகத்தான் இருந்தது, என்றைக்கு வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்றார் டாக்டர். நான் தலையை ஆட்டினேன். மோர் விஷயத்தை அப்போதும் சொல்லவில்லை. விக்டருக்கு ஊசி போட இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. “பரவாயில்லீங்க சிஸ்டர், நிதானமாப் போடுங்க” என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விக்டர், ஸ்டெல்லா, நான் மூவரும் பஸ் ஏறி மங்கலம் போனோம். தறி எல்லாம் நிறுத்தியிருந்தது. மகன் எங்களை உட்காரவைத்துவிட்டு, நாங்கள் யார் என்று சரியாகத் தெரியாமல், தன் மனசில் இருந்ததைக் கொட்டினார். “பத்து நாளா மோர் மோர்னு குடிச்சாருங்க. தடுத்தா, தம்பி ஜெயிக்கோணும்டான்னு சிரிச்சாரு. எந்தத் தம்பின்னு இன்னும் எங்களுக்கு வெளங்குலீங்க.” நான் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

விக்டர் எழுந்து நின்றார். “நாந்தானுங்க அது” என்றார். தராசு, ரவுண்டு, டான்ஸ்காரர், இடி எல்லாவற்றையும் அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். கணக்கு எழுதியது நான் என்று நானும் சொன்னேன். மகன் எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்ப அப்பா வேணும்னே தோத்துட்டாருங்களா?” என்று மட்டும் கேட்டார். விக்டர் வேகமாகத் தலையை ஆட்டினார்: “தோக்கலீங்க. அவரு ஆறு, நானு அஞ்சு. பன்னெண்டாவது நடக்கவே இல்லீங்களே.”

அதன் பிறகு விக்டர் மூன்று வருஷம், ஒரு நாள் விடாமல் வந்தார். இரண்டு கிலோவைத் தாண்டியதே இல்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார். நாலாவது பெட்டுக்கு வந்தவர்கள் யாரிடமும் அவர் இடியைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

இத்தனை வருஷம் கழித்தும் பாக்ஸிங்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் வெயில் காலத்தில் யாராவது மோர் நீட்டினால் மட்டும் சளி பிடித்திருக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.