பன்னிரண்டு பௌர்ணமி ஓர் ஆண்டாகாது

"1986 நவம்பர் 16, ஞாயிறு, பௌர்ணமி. வீட்டுக்காரர் மறுபடி அதையே கேட்டார்." அன்றைய என் குறிப்பு இவ்வளவுதான்.

சுவிஸின் திரிம்பாக்கில், ஓய்வுபெற்ற உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் மேல்மாடியில் நாங்கள் இருவர் வாடகைக்கு இருந்தோம். என் தஞ்சக் கோரிக்கையின் முதல் விசாரணை முடிந்திருந்தது. இலங்கையின் தெற்கில் இராணுவம் என்னை முகாமில் அடைத்த நாளையும் விட்ட நாளையும் பிசகில்லாமல் சொன்னேன். அதுவே வினையாயிற்று. யன்னல் இல்லாத அறையில் திகதி எப்படித் தெரியும் என்றார் அதிகாரி. பௌர்ணமிதோறும், பௌத்தரின் போயா நாளென்று, பக்கத்து விகாரையின் ஒலிபெருக்கியில் பிரித் மந்திரம் ஓதுவார்கள். அதை வைத்துத்தான் எண்ணினேன். அடைத்து வைத்தவர்களின் விரத நாளை எண்ணினேன் என்றால் என்ன நினைப்பாரோ என்று வாய் திறக்கவில்லை. நம்பாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

முகாமில் இருந்ததை மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். "அங்கே நாட்களை எப்படி எண்ணினாய்?" என்று அவரும் கேட்கத் தொடங்கியதும், அறையில் கூட இருந்த அண்ணை எச்சரித்தார்:

"உந்தக் கிழவனை ஆரோ வேவு பாக்க விட்டிருக்கினம். வாயைத் திறந்தியோ, கொழும்புக்குப் பிளேன்தான்."

"தேத்தண்ணி தந்து கேக்கிற மனுசன், அண்ணை."

"பொலிசும் தேத்தண்ணி தரும்."

அந்த ஞாயிறு ஆசிரியர் ஒரு பழைய கடிதத்தை விரித்தார். அமெரிக்க எல்லைப்புறத்தில் குடியேறிய அவருடைய பூட்டனார் ஊருக்கு எழுதியது. சிறுவயதில் பூர்வகுடிகள் பிடித்துப்போன உங்கள் தங்கை நானே என்று ஒருத்தி வந்திருக்கிறாள். பௌர்ணமிகளை எண்ணினாளாம், பதினொரு ஆண்டு என்கிறாள். பிடிபட்ட நாளிலிருந்து நாட்காட்டிப்படி அதற்கு நான்கு மாதம் குறைவு. பொய்க்காரி என்று வீட்டில் சேர்க்கவில்லை.

"அதனால்தான் உன்னைக் கேட்டேன்," என்றார்.

நான் நம்பவில்லை. ஆனாலும் கை பென்சிலை எடுத்துவிட்டது. பன்னிரண்டு பௌர்ணமியை ஓர் ஆண்டென்று வைத்தால் ஆண்டுக்குப் பதினொரு நாள் குறையும். பதினொரு ஆண்டுக்கு நான்கு மாதம்.

"அவள் பொய் சொல்லவில்லை," என்றேன்.

அவர் கணக்கை இருமுறை சரிபார்த்தார். "இது உனக்கு எப்படித் தெரியும்?"

போயாக் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். அவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். கேள்விப்பட்ட அண்ணை இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இரண்டாம் விசாரணையில், நான் சொல்லுமுன்பே, அதிகாரி போயா நாட்களைக் கேட்டார். மேசையில் பௌர்ணமி அட்டவணை ஒன்று தயாராக இருந்தது. ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பிறகு தங்க அனுமதி கிடைத்தது.

தான் யாரிடமும் சொல்லவில்லை என்று அண்ணை சத்தியம் செய்தார். ஆசிரியரின் தாள் அந்த அலுவலகத்துக்குப் போனதா, போயிருந்தால் என்னைக் காப்பாற்றவா காட்டிக்கொடுக்கவா என்பதை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.