பானெட்டின் மேல் ஒரு புருவம்

ஹிலரி ஸ்ப்ராஸ்டன் பஸ் ஓட்டுகிறவள். லாங்டனில் புறப்பட்டு மேட்டு ஊர்களைச் சுற்றி லீக் வரை போய்த் திரும்பும் பஸ். அவள் வீட்டுக் கொல்லைக்கும் என் வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். எனக்குக் கார் என்றாலே ஆகாது. ஓடினால் ஏறு, நின்றால் தள்ளு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கார் சாஸ்திரம். அப்பேர்ப்பட்ட என்னை ஒன்றரை வருஷம் தூசி முகமூடி கட்டி நிற்க வைத்தாள், பாவி மகள்.

அவள் அப்பா ஹோரஸ் பீங்கான் ஆலையில் அச்சு செய்கிறவராக இருந்தார். தேநீர்ச் சாடி, சூப்புக் கிண்ணம், எதுவானாலும் முதல் அச்சு அவர் கையால்தான் வரும். அந்த நாட்களில் ஊருக்கே ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பழைய ஃபோர்டு காரின் துருப்பிடித்த கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே அடிச்சட்டத்தின் மேல் கண்ணாடி இழையில் வார்த்த வழவழப்பான பாடியை மாட்டிக்கொள்வார்கள். பணக்காரன் கடையில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான், நம்மவன் கொல்லையில் செய்துகொண்டான். ஹோரஸுக்கும் ஆசை வந்தது. கிண்ணத்துக்கு அச்சு எடுக்கிறவனுக்குக் காருக்கு எடுக்கத் தெரியாதா? எடுத்தார், பாடியை வார்த்தார். அடிச்சட்டத்தோடு பொருத்த ஆள் வேண்டும் என்று உல்வர்ஹாம்ப்டனில் ஒரு பட்டறையில் விட்டார். அங்கே அது ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தது.

வசந்தத்தில் ஹோரஸ் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தபோது, அச்சு அசலாக அதே உருவத்தில் 'வென்ட்லோ' என்று ஒரு கம்பெனி கார் பத்திரிகைகளில் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊர் சிரித்தது. 'ஈயடிச்சான் ஹோரஸ்' என்று பெயர் வைத்தார்கள். அவர் ஒரே ஒரு முறை, "நான் யாரையும் பாத்துச் செய்யல," என்றார். அதற்கும் சிரித்தார்கள். அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. காரை யாருக்கோ கொடுத்துவிட்டார். சாகிற வரைக்கும் மதுக்கடையில் அவர் நுழைந்தால் எவனாவது ஒருவன் ஈ அடிப்பது போலக் கையைத் தட்டுவான். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். நல்லவர்கள் கூடிச் சிரித்தால்தான் மனுஷன் செத்துப் போகிறான்.

ஹோரஸ் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் ஹிலரி வேலை முடிந்து நேராக என் சமையலறைக்கு வந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"மேவிஸ், அப்பா வண்டி இப்ஸ்டோன்ஸ்ல இருக்குடி."

"எந்த வண்டி?"

"அந்த வண்டிதான். பஸ்லருந்து கண்ணுல பட்டுச்சு. ஹீத் பண்ணைக்குப் பின்னாடி, முள்ளுச்செடிக்குள்ள. உள்ள கோழி குடியிருக்கு."

"கோழியாவது நிம்மதியா இருக்கட்டும், விடு."

அவள் சிரிக்கவில்லை. மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, "எனக்குத் தெரியணும்," என்றாள். "அப்பா பொய் சொன்னாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். சின்ன வயசுலருந்து எனக்கே தெரியாது, மேவிஸ். பள்ளிக்கூடத்துல அவருக்காகச் சண்ட போடுவேன். வீட்டுக்கு வந்து அவர் மூஞ்சியப் பாத்து, ஒருவேள பாத்துதான் செஞ்சிருப்பாரோன்னு நெனப்பேன்."

ஓட்கேக் என்கிற ஓட்ஸ் தோசையில் பாலாடைக்கட்டியும் பன்றிக்கறியும் வைத்துச் சுருட்டி அவள் முன் வைத்தேன். எங்கள் ஊரில் வாயடைத்துப் போனால் அதுதான் செய்வோம்.

பண்ணைக்கார ஹீத் காசு கேட்கவில்லை. "கோழிக்கு வேற வீடு கட்டிக் குடு கண்ணு, எடுத்துக்கிட்டுப் போ," என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்துகொண்டு கோழிக்கூடு கட்டினோம். கோழிகள் புதுவீட்டில் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தன. ஒவ்வொன்றாகப் பிடித்துத் திணித்தோம். கடைசியில் வண்டியைக் கொல்லைக்குக் கொண்டுவந்து வைத்தபோது அதில் கார் கொஞ்சம், கோழி எச்சம் நிறைய இருந்தது.

கழுவ ஆரம்பித்ததும் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அடிச்சட்டம் துருவாய் உதிர்ந்தது. கதவு ஒன்று காணவே காணோம். ஆனால் கண்ணாடி இழை துருப்பிடிக்காது. மேலே பாசியும் வெடிப்பும் இருந்தனவே தவிர, உருவம் அப்படியே இருந்தது. நீளமான மூக்கு, பின்னால் திரண்ட வளைவு. இதையா மனுஷன் கொல்லையில் செய்தார்!

பாடியை இன்னதென்று அடையாளம் சொல்ல ஆள் வேண்டும். லீக்கில் கசாப்புக் கடை வைத்திருந்த ரெஜ் மவுண்ட்ஃபோர்டைக் கூப்பிட்டாள் ஹிலரி. வென்ட்லோ வைத்திருப்பவர்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பெரிய வயிறு, பெரிய குரல். வந்ததும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், விரலால் தட்டினார், உள்ளே தலையை விட்டார்.

"கண்ணு, இது கம்பெனி பாடி இல்ல," என்றார். "கம்பெனில வெறும் கண்ணாடி இழைப்பாய்தான் போடுவாங்க. இங்க பாரு, நடுநடுவுல சாக்குத் துணி. பீங்கான் ஆலைல அச்சுக்குப் போடுற சாக்கு. இது உங்கப்பா கைவேலதான்."

ஹிலரியின் முகம் மலர்ந்தது. அது மலர்ந்து முடிவதற்குள் ரெஜ் பானெட்டின் இடது பக்கம் கையை வைத்தார். அங்கே உள்ளங்கை நீளத்துக்கு, லேசாக வளைந்த ஒரு மேடு. மறுநாள் உப்புத்தாள் போட்டு அதைத் தேய்த்துவிடுவதாக ஹிலரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்!" என்று கத்தினார் ரெஜ். "இது என்னன்னு தெரியுமா? வென்ட்லோ புருவம்! ஒவ்வொரு வென்ட்லோவுலயும் இருக்கும். காத்த அந்தப் பக்கமாத் திருப்பி விடுதுன்னு எங்க சங்கத்துல ஒருத்தர் கட்டுரையே எழுதியிருக்காரு. நான் வாராவாரம் மெழுகு போட்டுத் தொடைக்கிறேன்."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வருத்தப்படாத கண்ணு. ஆனா உங்கப்பா புருவத்தக்கூட விட்டு வைக்கல. முழுசா வென்ட்லோ மேலயே அச்சு எடுத்திருக்காரு," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளின் தேநீரில் கோழி எச்சத்தைக் கலந்திருப்பேன். அவர் போன பிறகு ஹிலரி வண்டிமேல் தார்ப்பாயைப் போட்டு மூடினாள். ஒரு வாரம் அதை எடுக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு நான்தான் சுவர் மேல் எக்கிக் கத்தினேன். "ஏய், ஈயடிச்சானோ எறும்படிச்சானோ, உங்கப்பன் செஞ்ச வண்டி அழகா இருக்கு. மூடி வச்சு என்ன பூசையா பண்ணப் போற? எடுடி!"

எடுத்தாள். வெடிப்புகளை வெளியே பூசி மறைத்தால் மறுபடி வெடிக்கும். பாடியைக் கவிழ்த்துப் போட்டு, உள்பக்கம் சுரண்டி, புது இழை வைத்து, பிசின் தடவ வேண்டும். பிசின் நாற்றம் என் திரைச்சீலை வரை ஏறியது. இழைத்தூள் பட்டு உடம்பெல்லாம் அரிப்பு. இரண்டு பேரும் குரங்குகள் மாதிரி சொறிந்துகொண்டு நின்றோம். பானெட்டைக் கவிழ்த்தபோது புருவத்துக்கு நேர் கீழே ஒரு பழைய வெடிப்பு தெரிந்தது. பாரமாக எதுவோ மேலே விழுந்தது போல நாலாபக்கமும் கீறியிருந்தது. அதன் மேல் சாக்குத் துண்டு வைத்து யாரோ ஒட்டியிருந்தார்கள். உறுதியாகத்தான் இருந்தது. "மேடான எடத்துல பலம் கம்மி போல," என்று சொல்லி, அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வெடிப்புக்குப் போனாள் ஹிலரி.

புது அடிச்சட்டம், யாரோ கழற்றிப் போட்ட என்ஜின், பழைய கதவைப் பார்த்து அவளே வார்த்த இன்னொரு கதவு, பச்சை வண்ணம். வண்டி ஓடியது! முதல் நாள் தெருமுனை வரை போய் நின்றுவிட்டது. என் கார் சாஸ்திரப்படி தள்ளினேன்.

ஜூனில் லீக்கில் பள்ளிக்கூட மைதானத்தில் வென்ட்லோ சங்கத்தின் கூட்டம். ரெஜ் ஹிலரியையும் அழைத்திருந்தார். போகாதே என்றேன். "வண்டிய ஒளிச்சு வச்சா அப்பாவ ஒளிச்சு வச்ச மாதிரி," என்று கிளம்பினாள். வரிசையில் எல்லா வண்டிக்கும் முன்னால் பெயர்ப் பலகை. எங்கள் வண்டியை வரிசைக்கு வெளியே, கழிவறைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்கள். ஹிலரி பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள்.

கூடாரத்தில் தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள். பீங்கான் செய்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும், ராணி வீட்டு விருந்தானாலும், முதலில் தட்டைத் திருப்பி அடியில் எந்த ஆலையின் முத்திரை இருக்கிறது என்று பார்ப்போம். கேக்கை மடியில் கொட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஹிலரி கேக்கை என் கையில் கொடுத்துவிட்டுத் தட்டைத் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றாள்.

"மேவிஸ்," என்றாள். "இவங்கள்ல எவனாவது வண்டியத் திருப்பிப் பாத்திருப்பானா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தட்டைப் போட்டுவிட்டு மைதானத்தில் விறுவிறுவென்று நடந்தாள். நான் இரண்டு கையிலும் கேக்கோடு பின்னால் ஓடினேன்.

"ரெஜ், உங்க பானெட்டத் தெறங்க. புருவத்துக்குக் கீழ உள்பக்கம் எப்படி இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? கம்பெனியே அங்க கம்பளித் துணி ஒட்டிக் குடுத்தாங்க, சத்தம் கேக்காம இருக்க. எல்லா வண்டிலயும் அப்படித்தான்."

"பிச்சுப் பாக்கணும்."

"உனக்கென்ன பைத்தியமா? அது கம்பெனி ஒட்டுனது!"

"ரெஜ்." அவள் அந்தப் புருவத்தின் மேல் கையை வைத்தாள். "எங்கப்பா வண்டில புருவத்துக்கு அடில வெடிப்பு இருக்கு. எதுவோ விழுந்து ஒடஞ்சிருக்கு, அவரு உள்ள சாக்கு வச்சு, மேலயும் பூசி ஒட்டுப் போட்டிருக்காரு. அந்த ஒட்டுதான் மேல மேடாத் தெரியுது. உங்க வண்டிலயும் அடில வெடிப்பு இருந்தா நான் இப்பவே போயிடறேன். இல்லன்னா, ஒடையாத வண்டிக்கு எதுக்கு ஒட்டு?"

கூட்டம் கூடிவிட்டது. ரெஜ்ஜின் கழுத்து சிவந்தது. மாட்டேன் என்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். மனுஷன் தன் பேனாக்கத்தியை எடுத்தார். பெற்ற பிள்ளையின் காயக்கட்டை அவிழ்ப்பது போல மெல்ல மெல்லக் கம்பளியை உரித்தார். தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

"வழவழன்னு இருக்கு," என்றார் உள்ளேயிருந்தே. "ஒரு கீறல் இல்ல."

பக்கத்து வண்டிக்காரர் தன் கம்பளியைப் பிய்த்தார். அதிலும் கீறல் இல்லை. இன்னொருவர். அதிலும் இல்லை. ஒட்டுப் போட்ட வண்டி மைதானத்திலேயே ஒன்றுதான், அது கழிவறைக்குப் பக்கத்தில் நின்றது. அந்தக் குளிர்காலத்தில், அந்தப் பட்டறையில், யாரோ ஹோரஸின் பாடி மேல் அச்சு எடுத்திருக்கிறார்கள். அவர் போட்ட ஒட்டோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

ரெஜ் தலையை வெளியே எடுத்தார். முகமெல்லாம் பழைய பசைத்தூள். "அப்ப நான் இத்தன வருஷமா வாராவாரம் மெழுகு போட்டது..."

"எங்கப்பா போட்ட ஒட்டுக்கு," என்றாள் ஹிலரி.

யாரோ சிரித்தார்கள். பிறகு ரெஜ்ஜே சிரித்தார், வயிறு குலுங்கக் குலுங்க. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிடு கண்ணு," என்றார். வரிசையின் நடுவில் இரண்டு வண்டிகளைத் தள்ளி நிறுத்தச் சொன்னார். ஹோரஸின் பச்சை வண்டி அந்த இடத்துக்கு வந்தது.

திரும்பும்போது ஹிலரி வீட்டுக்கு வண்டியைத் திருப்பவில்லை. லாங்டன் கடைவீதியில், மதுக்கடை வாசலில், பஸ் நிற்கும் இடத்திலேயே போய் நிறுத்தினாள். வெயில் என்பதால் கிழவர்கள் எல்லோரும் வெளியே பெஞ்சில் கோப்பையோடு இருந்தார்கள். ஹார்னை அழுத்திப் பிடித்தாள். அப்புறம் எழுந்து இருக்கை மேல் நின்றாள்.

"ஹோரஸ் ஸ்ப்ராஸ்டன் யாரையும் பாத்துச் செய்யல!" என்று கத்தினாள். "அவரப் பாத்துதான் அவங்க செஞ்சாங்க! லீக்ல போய்க் கேட்டுப் பாருங்க!"

ஹோரஸோடு ஆலையில் வேலை பார்த்த ஆர்தர் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வண்டியின் மூக்கைத் தடவினார். முன்பெல்லாம் ஈ அடித்த கைகளில் அதுவும் ஒன்று.

"அவனும் அதத்தான் சொன்னான் கண்ணு," என்றார். "நாங்கதான் கேக்கல."

ஹிலரி இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்து என் தோளில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தாள். பின்னால் லீக் பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது. ஓட்டி வந்தவன் அவளோடு வேலை பார்க்கிறவன்தான். எட்டிப் பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தான், அவள் அழுது முடிக்கிற வரைக்கும் பஸ்ஸை எடுக்கவில்லை.