நிறம் தீட்டாத வள்ளம்

காலமை எட்டுக்குக் கரையேற வேண்டிய வின்சன், பத்தாகியும் கடலால வரேல்லை. அவன்ர மனுசி டக்சாயினி, பதட்டத்துக்கெண்டு கிளினிக்கில குடுத்த நிறம் தீட்டுற புத்தகத்தை விரிச்சாள்.

"மூச்சை இழுங்கோ அம்மா, மெ...துவா விடுங்கோ. கோட்டைத் தாண்டப்படாது!" கிளினிக் மிஸ்ஸின்ர குரலில இழுத்தாள் வின்சன்ர தங்கச்சி ஜெயரூபினி.

"வாயை மூடடி!"

மீனுக்கும் சிப்பிக்கும் நிறம் தீட்டி முடிஞ்சுது. வள்ளத்தில வந்து கை நிண்டிட்டுது. கரையில நிக்கிற சனம் நிறத்தைப் பாத்துத்தான் ஆரின்ர வள்ளம் வருதெண்டு சொல்லும். வின்சன்ர வள்ளம் சிவப்பு. அவன் வரமுதல் அந்த நிறத்தைக் கடதாசியில தீட்ட அவளுக்குப் பயம். வேற நிறம் தீட்ட அதைவிடப் பயம்.

"அதை விடுங்கோ மச்சாள், மற்றப் பக்கத்தில பூ கிடக்கு," ஜெயரூபினி இப்ப தன்ர குரலில சொன்னாள்.

மூண்டாவது இதழில எஞ்சின் சத்தம் கேட்டுது. ஜெயரூபினி வேலியால எட்டிப் பாத்தாள்.

"சிவப்பு மச்சாள், சிவப்பு!"

டக்சாயினி செருப்பும் போடாமல் கரைக்கு ஓடினாள்.