பல் வலி என்று சொன்ன சனிக்கிழமைகள்

ஒருவருடைய நோயை ஊருக்கு மறைத்துவைக்கும் பொய் அவரைக் காப்பாற்றுகிறதா, அல்லது அவருக்குத் துணையாக வரக்கூடியவர்களையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறதா? சமூகப்பணி படித்த காலத்தில் இதற்குப் பக்கம் பக்கமாக விடை எழுதியிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி என்னிடம் முதலில் வந்தது ஒன்பது வயதில், திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அத்தையுடன் நின்றபோது.

தம்பி பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அம்மா அவனுக்குப் பால் கொடுப்பாள். கொடுத்து முடித்ததும் பாயில் கிடத்திவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்வாள். அவன் அழுதாலும் தூக்கமாட்டாள். அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். ஒன்பது வருடம் ஒரே பிள்ளையாக இருந்த எனக்கு அதில் ஒரு ரகசியத் திருப்திகூட இருந்தது. பெரியப்பாவோ, "பிள்ளையத் தூக்காதவ என்னத்துக்குடா? அவ அம்மா வீட்டுல கொண்டுபோய் விடு, பிள்ளைய நாங்க வளத்துக்கிடுதோம்" என்று அப்பாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். மூன்றாவது முறை சொன்னால் அப்பா மறுக்கமாட்டார் என்பது எனக்கே தெரியும். அண்ணனை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

அப்பா துணிந்து செய்தது ஒன்றே ஒன்று. தடுப்பூசி போட்ட நர்ஸம்மா சொன்னதைக் கேட்டு, யாருக்கும் சொல்லாமல் அம்மாவை அந்த ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்து பேசிவிட்டுப் போகவும் சொன்னார்கள். சனிக்கிழமை அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் லீவு கிடைக்காது. ஆகவே அம்மாவுக்குத் துணை நான். அன்றைக்குத் தம்பி பெரியம்மாவிடம் இருப்பான். யார் கேட்டாலும் பல் வலி என்று சொல்லவேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை.

கட்டளையை நான் கொஞ்சம் கூடுதலாகவே நிறைவேற்றினேன். எதிர்வீட்டு அத்தை கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலை பார்த்தார். காலையில் தண்ணீர்க் குழாயடியில் அவர் காதில் விழுந்த செய்தி மதியத்துக்குள் ரயில்வே கேட்டைத் தாண்டிவிடும். அவர் என் அம்மாவின் பல்லைப் பற்றி விசாரித்ததும், கீழ்வரிசையில் மூன்று பல் என்றேன். ஊசி குத்தியதே தெரியாது, டாக்டர் வலிக்காமல் பிடுங்குவார் என்றும் சேர்த்துக்கொண்டேன். அத்தைக்கு ஒரு கடைவாய்ப் பல் மாதக்கணக்கில் வலிப்பதும், குறட்டுக்குப் பயந்து அவர் நாளைக் கடத்திக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியாது.

அடுத்த முறை நாங்கள் கிளம்பும்போது அத்தை கூடைப்பையுடன் எங்கள் வாசலில் நின்றார்.

"ஏ பிள்ள, நானும் வாரேன். வலிக்காமப் புடுங்குத டாக்டராம்லா! உம்மவதான் சொன்னா."

அம்மா என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றிய பார்வை அது.

பஸ்ஸில் அத்தை கயத்தாறு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் இறங்கியதும் அத்தையைப் பல் பிரிவில் உட்காரவைத்து, "எனக்குச் சீட்டு வாங்கிட்டு வாரேன், மதினி" என்று நழுவினாள். போகும்போது என் காதருகே குனிந்து, "அத்தைய அங்கன கூட்டிட்டு வந்துராத" என்றாள்.

பல் பிடுங்க அன்று நேரமே ஆகவில்லை. அத்தை கன்னத்தைப் பிடித்தபடி வெளியே வந்தார். அரை மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டே இருக்கவேண்டும், பேசவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா எங்கே என்று கையால் கேட்டார். நான் எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து கண் பிரிவுக்கு. அங்கிருந்து மறுபடியும் எக்ஸ்ரேக்கு. இரண்டாவது முறை எக்ஸ்ரே அறையைக் கண்டதும் அத்தை என் காதைத் திருகினார். திருகியவாறே தலையைத் திருப்பியவர், தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார்.

அருகில் போனதும் அம்மாவுக்கு மேலே மனநலப் பிரிவு என்றிருந்த பலகையை மனசுக்குள் எழுத்துக் கூட்டிப் படித்தார். அம்மா எழுந்து நின்றாள். அத்தை அவள் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். இன்னும் ஏறக்குறைய இருபது நிமிடம் அவரால் பேச முடியாது. அந்த மௌனத்தை அம்மாவால்தான் தாங்க முடியவில்லை.

"எனக்குப் பல்லுல ஒண்ணுமில்ல, மதினி," என்று ஆரம்பித்தாள். "பிள்ளையத் தூக்குனா கை நடுங்குது. கீழ போட்டுருவேனோ, நானே எதுவும் பண்ணிருவேனோன்னு பயமா வருது. அதான் தூக்க மாட்டேங்கேன். பாசம் இல்லாமயா மதினி? அவிய அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா என்னைய ஊருக்கு அனுப்பிருவாவ. பிள்ளைய இங்கனயே வச்சுக்கிடுவாவ."

நடுவில் ஒரு "ஐயோ"கூட இல்லாமல் அத்தை முழுவதையும் கேட்டார். வேறு எந்த நாளாக இருந்தாலும், முதல் வாக்கியம் முடிவதற்குள் தன் நாத்தனாரின் கதைக்குப் போயிருப்பார். இப்போது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பல் பிடுங்கிய வலி என்று நினைத்தேன். அம்மாவை உள்ளே கூப்பிட்டதும், அவள் விட்டுச்சென்ற பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ் கிளம்பிய பிறகுதான் அத்தை வாயைத் திறந்தார். முதல் பேச்சு எனக்கு.

"ஏட்டி, வலிக்காமப் புடுங்குவாருன்னியே, நீ வெளங்குவியா? உசுரு போயி உசுரு வந்துச்சு."

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது.

"எங்க மூணாவது பயலுக்கு எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு, பிள்ள. அவனத் தூக்கிட்டுக் கெணத்துப் பக்கம் போவ மாட்டேன். காத்துக் கருப்புன்னு எங்க மாமியா வேப்பங்கொழையால அடிச்சா. அடி தாங்காம, சரியாயிட்டுன்னு சொல்லிட்டேன்."

"சரியாயிட்டா, மதினி?"

 பல் பிடுங்கின இடம் வலிக்குது என்று அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் குழாயடியில் பெரியம்மாவே அவரிடம் அம்மாவின் பல்லுக்கு என்ன என்று கேட்டார். இதோ எல்லாம் முடிந்தது என்று நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வேர் வரைக்கும் சீழு பிடிச்சிருக்கு. லேசுல விடாது. ஆறு மாசம் நிப்பாட்டாமப் போவணும்னுட்டாரு டாக்டரு. வலியில கெடக்குதவ பிள்ளைய எப்பிடித் தூக்குவா?" என்று அத்தை தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பொய் சொல்வதில் என்னை மிஞ்சிவிட்டாரே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அத்தை மறுபடியும் கிளம்பி நின்றார். பல்தான் போய்விட்டதே என்றேன். அம்மா என்னை அதட்டினாள். ஆஸ்பத்திரியில் அத்தை பல் பிரிவின் பக்கமே போகவில்லை. நேராக அந்தத் தாழ்வாரத்தின் கடைசிக்கு நடந்தார். அவருடைய மூன்றாவது மகன் அப்போது மீசை வைத்து, திருப்பூரில் வேலைக்கும் போயிருந்தான். இத்தனை வருடம் கழித்து அதைப் பற்றி டாக்டரிடம் சொல்ல என்ன இருக்கிறது என்பது எனக்குப் புரியவில்லை.

அம்மா சிகிச்சையை நடுவில் நிறுத்தவில்லை. அவளை யாரும் ஊருக்கு அனுப்பவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை எதிர்வீட்டு அத்தை தன் பெயரில் சீட்டு வாங்கி, அம்மாவுக்கு அடுத்த ஆளாக அந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.