நிறைந்த டாங்கியோடு நின்ற வண்டி

பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் எங்களுக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை இருக்கிறது. காலையில் வீட்டுக்காரர் கடையைத் திறப்பார், மதியத்துக்கு மேல் நான் போய் உட்காருவேன். நாற்பது வயதுக்குப் பிறகு நான் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைச் சொந்தக்காரர்கள் கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது. மாற்றலாகிப் போன ஒரு பேங்க் அதிகாரியிடமிருந்து வாங்கிய பழைய 350 சிசி வண்டி அது. கனமானது, ஆனால் மலையேற்றத்தில் நிதானமாகப் போகும்.

வண்டியை வொர்க்‌ஷாப்பில் விட்டால், "எண்ணெய் பட்டுடும், நீங்க அங்க உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டுவார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் மெக்கானிக்கின் முதுகு மட்டும்தான் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளில் திரும்புவது எனக்கு ஒப்பவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

எங்கள் பக்கத்தில் நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேருக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் ஒருவர் நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம் செய்கிறவர். அறுப்பு முடிந்ததும் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் எங்காவது போய்விடுவார். அவருடைய நெற்களத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் யாராவது வண்டியைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். நானும் போக ஆரம்பித்தேன்.

முதலில் ஆயில் மாற்றவும் செயினைக் கழுவி இழுத்துவிடவும் கற்றேன். பிறகு ஒரு ஞாயிறு, எஞ்சினின் தலையைத் திறந்து வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்த்தோம். காகிதம்போல மெல்லிய ஒரு இரும்புத் தகட்டை இடைவெளிக்குள் விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், சிக்கக் கூடாது.

"இடைவெளி எதுக்குங்க? ஒட்டிக்கிட்டே இருந்தா என்ன?" என்று கேட்டேன்.

அவர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இத்தன வருசமாப் பண்றனுங்க. எதுக்குன்னு கேட்டதில்லீங்க அக்கா. உடோணும்னு சொன்னாங்க, உட்டேன்."

அடுத்த ஞாயிறு நான் களத்தில் வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே ஓடி வந்தார். "சூடானா இரும்பு நீளுதுங்க! நீள்றதுக்கு எடம் வேணுமில்லீங்களா, அதுக்குத்தான் இடைவெளி!" அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, இந்த மனிதரோடு எந்த வண்டியை வேண்டுமானாலும் கழற்றலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருட மழைக்காலம் முழுக்க வண்டி எங்கள் வீட்டுக் கொட்டகையில் சும்மா நின்றது. மழை விட்டதும் முதல் பயணமாகப் பொள்ளாச்சி வழியாக ஆழியார் வரை போகப் பார்த்தேன். ஆழியாரை நெருங்கும்போது வண்டி இருமியது. திராட்டிலை முறுக்கினால் வேகம் ஏறவில்லை. இரண்டு முறை திக்கி, நின்றேவிட்டது. ஓரமாக ஒதுக்கி, புளிய மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சும்மா ஒரு முறை பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிட்டது.

இது பழக்கமாகிவிட்டது. ஊருக்குள் ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை. டாங்கி நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு தூரம் போனால் மட்டும் வழியில் நிற்கும். குழுவில் சொன்னேன். ஆளுக்கொரு காரணம் வந்தது. ஸ்பார்க் பிளக் என்றார் ஒருவர். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் சூடானதும் படுத்துவிடுகிறது என்றார் இன்னொருவர். "பெட்ரோல்ல தண்ணீங்க, சந்தேகமே வேண்டாம்" என்றார் நல்லேப்பிள்ளிக்காரர்.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கார்புரேட்டரிலிருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து வெயிலில் வைத்தோம். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும் என்றார். நிற்கவில்லை. பிளக்கைக் கழற்றினோம். முனை பழுப்பாக இருப்பதற்குப் பதில் சாம்பல்போல வெளுத்திருந்தது. எரிவதற்குப் பெட்ரோல் போதவில்லை என்று அதற்கு அர்த்தம். ஆனால் டாங்கி நிறைய இருக்கிறதே, ஏன் போதவில்லை? வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். நிற்கவில்லை. அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்து, "நிக்கோணும்னு நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டே இருந்தா அது எப்புடி நிக்கும்?" என்று சிரித்தார்.

மூணாறுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாந்தன்பாறையிலிருந்து அழைப்பு வந்தது அந்தச் சமயத்தில்தான். குழுவில் இருந்த இன்னொரு பெண் அங்கே ஏலத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸ். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். பூப்பாறையில் ஒரு டீக்கடையில் வண்டி நிறுத்தியபோது பழக்கமாகி, குழுவில் நான் சேர்த்துவிட்டவள், தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்வாள். "இங்க கொண்டாங்கக்கா. ரெண்டு நாள் லீவு போட்டிருக்கேன். பாத்துருவோம்" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"வழியில நிக்கிற வண்டிய எடுத்துக்கிட்டு மலைக்கா?" என்றார் வீட்டுக்காரர்.

"எங்க நிக்குது, எப்படி நிக்குதுன்னு பாக்கறதுக்குத்தான் போறேன்" என்றேன். நல்லேப்பிள்ளித் தம்பதியும் கூட வருகிறார்கள் என்றதும் அவர் சரி என்றுவிட்டார்.

உடுமலையில் டாங்கியை நிரப்பிக்கொண்டு சின்னாறு வழியாக ஏறினோம். மறையூர் தாண்டி, தேயிலை ஆரம்பிக்கிற இடத்தில் என் வண்டி நின்றது. நல்லேப்பிள்ளிக்காரர் தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அவர் மனைவி இறங்கி என் பக்கத்தில் நின்றார். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டாங்கி மூடியைத் திறந்தேன். முக்கால்வாசிக்கு மேல் இருந்தது.

"அக்கா, மூடியத் தொறந்ததும் பெருமூச்சு உட்டுச்சு பாத்தீங்களா?" என்றார் அந்தப் பெண்.

நான் சரியாகக் கவனிக்கவில்லை. நல்லேப்பிள்ளிக்காரர் அதற்குள் பிளக் ஒயரைத் துடைத்து மாட்டிவிட்டார். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. "ஒயருங்க அக்கா, ஒயர்தான்" என்று அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மூணாறு தாண்டியதும் மறுபடி நின்றது. இந்த முறை ஒயரைத் துடைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஒரு மூடிய பெட்டிக்கடையின் தகரக் கூரைக்கடியில் நெடுநேரம் நின்ற பிறகுதான் கிளம்பியது.

சாந்தன்பாறைக்குப் போய்ச் சேரும்போது மாலையாகிவிட்டது. நர்ஸின் குவார்ட்டர்ஸ் முன்னால் வண்டிகளை நிறுத்தினோம்.

"வாங்கக்கா, இப்படி நனைஞ்சிட்டு வந்திருக்கீய! முதல்ல துவட்டுங்க" என்று மூன்று பேருக்கும் துண்டு கொடுத்தாள். பால் விடாமல், ஏலக்காய் போட்ட கட்டன் சாயா வந்தது. நாங்கள் ஆளாளுக்குக் காயில், கார்புரேட்டர் என்று பேச ஆரம்பித்தோம். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்ன நோய்னு யாரும் சொல்லாண்டாம். என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எப்ப நிக்குது?"

"டாங்கி நிறைஞ்சிருந்து, தூரம் போனா."

"நின்ன பிறகு என்னத்த செஞ்சீய? ஒவ்வொரு வாட்டியும் சொல்லுங்க."

சொன்னேன். ஆழியாரில் சும்மா உட்கார்ந்திருந்தேன், நேரம் கழித்துக் கிளம்பியது. மூணாறுக்குப் பிறகு ஒயரைத் துடைத்தோம், கிளம்பவில்லை, நெடுநேரம் காத்திருந்தோம். மறையூர் பக்கம் ஒயரைத் துடைத்தோம், உடனே கிளம்பியது. சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே உறைத்தது. இரண்டு இடத்திலும் ஒயரைத் துடைத்தோம். மறையூர் பக்கம் மட்டும் உடனே கிளம்பியது ஏன்? அங்கே வேறென்ன செய்தோம்?

"மூடியத் தொறந்தேன்" என்றேன்.

"நாந்தான் சொன்னனே, பெருமூச்சு உட்டுச்சுன்னு!" என்றார் நல்லேப்பிள்ளிக்காரரின் மனைவி.

நர்ஸ் டம்ளரை உயரத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். பிறகு, "அக்கா, கண்ணாடி பாட்டில்ல மருந்து ஏத்துவோம்லா, அப்ப மூடியில இன்னொரு ஊசி குத்துவோம். காத்து ஊசி. அது குத்தலேன்னா கொஞ்சம் சொட்டும், பிறகு நின்னுரும். பாட்டில் நிறைய மருந்து இருக்கும், ஆனா இறங்காது. இறங்குன இடத்துக்குக் காத்து உள்ள போகணும்லா?" என்றாள்.

நல்லேப்பிள்ளிக்காரர் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். "டாங்கிக்குக் காத்துக் குழாய் ஒண்ணு இருக்குதுங்களே" என்றார் மெதுவாக.

அப்புறம் எல்லாமே அவிழ்ந்துகொண்டு வந்தது. நிறைந்த டாங்கியில் காற்றுக்கு இடம் குறைவு, அதனால்தான் பெட்ரோலை இறங்கவிடாமல் சீக்கிரம் இழுத்துப் பிடிக்கிறது. களத்தில் ஸ்டாண்டில் நின்று ஓடியபோது எஞ்சின் குடித்தது கொஞ்சம்தான், அதற்குக் கசிகிற காற்றே போதுமாக இருந்தது. காத்திருந்தால் கிளம்பியதும் அதனால்தான். அந்த வராந்தாவில் நாங்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேசியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

உடனே குழாயைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்றார் நல்லேப்பிள்ளிக்காரர். எனக்கு மனம் வரவில்லை. இத்தனை நாள் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம். இந்த முறை நிச்சயமாகத் தெரிய வேண்டும். காலையில் பூப்பாறை பக்கம் போய் டாங்கியை நிரப்பிக்கொண்டு, போடிமெட்டு சாலையில் ஏறினேன். நர்ஸ் பின்னாலேயே தன் வண்டியில் வந்தாள். சிறிது தூரத்துக்கொரு முறை ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்து மூடினேன். அப்படியே ஏறி இறங்கினேன். வண்டி நிற்கவே இல்லை. பிறகு மூடியைத் தொடாமல் அதே சாலையில் ஓட்டினேன். ஏற்றத்தில் பாதி போவதற்குள் இருமியது, திக்கியது, நின்றது. மூடியைத் திறந்தேன். ஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் இருவருக்கும் தெளிவாகக் கேட்டது. வண்டி நின்றதற்காக நடுரோட்டில் கைதட்டிய இரண்டு பெண்களை அன்றைக்கு அந்த வழியாகப் போன ஜீப்காரர்கள் விசித்திரமாகப் பார்த்திருப்பார்கள்.

திரும்பி வந்து, டாங்கியிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய ரப்பர் குழாயைக் கழற்றினோம். வாயில் வைத்து ஊதினேன். போகவில்லை. மண்ணாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நல்லேப்பிள்ளிக்காரர் ஒரு கம்பியால் மெல்லத் தள்ளினார். விழுந்தது மண் இல்லை. பீடியைவிடச் சின்னதாக, கச்சிதமாகச் சுருட்டிய இலை. ஒன்றின் பின்னால் ஒன்றாக மூன்று சுருள்கள் வந்தன.

நர்ஸ் உள்ளே போய்ப் பிளேடு எடுத்து வந்து, ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஒரு சுருளை நெடுக்காகக் கீறினாள். வட்டமாகவும் நீள்வட்டமாகவும் வெட்டிய இலைத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. உள்ளே மஞ்சளாக, காய்ந்த மாவுபோல ஏதோ. நர்ஸ் அதைக் கிள்ளி மோந்து பார்த்தாள். "பெட்ரோல் வாடை வருது. ஆனா இது மகரந்தம்க்கா" என்றாள். அதற்குள் ஒரு புழு, உலர்ந்து சுருங்கி.

"அட, இதானா!" என்றார் நல்லேப்பிள்ளிக்காரர். "எங்க தொவரச் செடியில எலையெல்லாம் வட்டம் வட்டமா வெட்டிருக்குமுங்க. புழு திங்குதுன்னு மருந்தடிச்சுட்டு இருந்தனுங்க. இது ஒரு தேனீயோட வேலைங்க போல!"

போனில் தேடினோம். இலை வெட்டும் தேனீ என்று ஒன்று உண்டு. கூட்டமாக வாழாது. தனியாக ஒரு பொந்தோ குழலோ தேடி, இலையை வெட்டி வந்து அறை செய்து, மகரந்தம் வைத்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். கொட்டகையில் மாதக்கணக்காக நின்ற என் வண்டியின் குழாய் அதற்குச் சரியான அளவில் இருந்திருக்கிறது. எத்தனை முறை இலையைத் தூக்கிக்கொண்டு வந்து போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அத்தனையும் பெட்ரோல் வாடைக்குள். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

குழாயைக் கழுவி மாட்டினோம். முனையில் மெல்லிய வலைத்துணி ஒரு துண்டு சுற்றிக் கட்டினேன். இறங்கும்போது வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. மறையூரில் கரும்புச் சாறு குடிக்க நாங்களாக நிறுத்தினோம். அங்கே நல்லேப்பிள்ளிக்காரரின் மனைவி கணவரைப் பார்த்து, "இனிமே ஞாயித்துக்கெழமை நானும் ஸ்பேனர் புடிக்கறேன்" என்றார். அவர் சரி என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், ஒரு சிறிய டப்பாவில் வைத்துக் கொண்டுவந்திருந்த மற்ற இரண்டு சுருள்களையும் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் இதுவரை என் வண்டியின் பக்கம்கூட வந்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுருளை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இது எந்தச் செடியோட இலை?" என்றார்.

"தெரியல."

"ரோசாவா இருக்காது. ரோசா இலை காஞ்சா இந்த நிறம் வராது."

மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பியவர் கேட்டைத் தாண்டிப் போகவில்லை. எங்கள் மதிலோரச் செடிகளின் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைச் சாவியை வாங்கிக்கொண்டு அன்றைக்கு நான்தான் போய்த் திறந்தேன். மதியம் போன் செய்தார். பக்கத்து வீட்டுப் பூவரச மரத்தில் ஒரு இலை வட்டமாக வெட்டியிருக்கிறதாம், ஆனால் அளவு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதாம்.

"நீ வந்து பாரு. எனக்கு நிச்சயமாச் சொல்ல முடியல" என்றார்.