ஊமைப்படத்தில் பேசியவள்

ஸ்டூடியோவில் எல்லாரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். நடிகர்களுக்கு உடை தைக்க வந்தவள். ஒருநாள் கதாநாயகி கோபித்துக்கொண்டு வராமல்போக, அந்த உடை ஊசிக்கும் அளவாக இருந்ததால் டைரக்டர் அவளையே நிறுத்திப் படம் எடுத்தார். படம் நன்றாக ஓடியது. பிறகு தையல் மெஷினைத் தொட அவளுக்கு நேரமில்லை.

வீட்டில் மட்டும் தைக்கப் போவதாகவே சொல்லிவந்தாள். அண்ணனுக்கு அச்சகத்தில் வேலை. அவளுடைய மூன்றாவது படத்தின் விளம்பரத் தாள் மை காயாமல் அவன் கையில்தான் வந்து விழுந்தது. யார் இந்தப் பெண் என்று கூட இருந்தவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். அவன் காகிதம் வெட்டும் கத்தியோடு கிளம்பிவிட்டான்.

அப்போதெல்லாம் கூரையில்லாத மேடையில், வெயிலில்தான் படப்பிடிப்பு. அடியாட்கள் வர, அவள் கதவை மறித்து நிற்கும் காட்சி. அடியாட்களுக்கு முன்னால் அண்ணன் மேடையேறிவிட்டான். கத்தியைப் பார்த்ததும் டைரக்டருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கேமராக்காரரோ யாரோ புது நடிகர் என்று நினைத்துக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“வீட்டுக்கு நட,” என்றான் அண்ணன்.

அவள் கதவை விட்டு நகரவில்லை.

“வரமாட்டேண்ணா. உங்ககிட்ட பொய் சொன்னேன், அது ஒண்ணுதான் தப்பு. வெட்டணும்னா வெட்டுங்க. நான் ஓடமாட்டேன்.”

கத்தி மேலே போனது. அவள் கண்ணை மூடாமல் அவனையே பார்த்தாள். அவன் கைதான் முதலில் தளர்ந்தது. கத்தியை மேடையில் போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியேறினான். அவள் கதவோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலையே ஒரு வாடகை அறைக்கு மாறினாள். அம்மா மட்டும் மகனுக்குத் தெரியாமல் வந்து பார்த்துப்போவாள்.

படச்சுருளைப் போட்டுப் பார்த்த டைரக்டர் முழுவதையும் சேர்க்கலாம் என்று துள்ளினார். அண்ணன் முகம் ஒரு நொடி தெரிந்தாலும் இனி நடிக்க வரமாட்டேன் என்றாள் ஊசி. அவள் முகம் மட்டும் படத்தில் வந்தது. கொட்டகையில் ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். நடிப்பென்றால் இதுவல்லவா நடிப்பு என்றார்கள்.

பேசும் படம் வந்ததும் குரலைச் சோதித்துக் கரகரப்பு என்று கைவிரித்தார்கள். அவள் யாரிடமும் கெஞ்சவில்லை. தையல் அறைக்கே திரும்பி, நாளடைவில் அதற்குப் பொறுப்பாளர் ஆனாள்.

பல வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அண்ணன் அங்கே வந்து நின்றான். இந்த முறை வெறுங்கை.

“அம்மாவுக்கு ரொம்ப முடியல. உன்னத்தான் கேக்குறாங்க.”

இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். இறங்கும்போது அவளுடைய பையை அவனே வாங்கித் தூக்கிக்கொண்டான்.